எதிர்க் கதிரை

கிரான்பேர்ன்,
ஜூலை 12, சனிக்கிழமை.

அன்புள்ள மகன் சுஜீதனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், தங்கச்சி மூவரும் சுகம், அப்பாவின் சீனி மட்டும் போன மாதம் கொஞ்சம் ஏறி இப்போது இறங்கிவிட்டது, நீயும் அந்த உப்புக் காற்றிலும் வெயிலிலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று வெள்ளிக்கு வெள்ளி கேரம் டவுன்ஸ் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன், ஐயருக்கே உன் நட்சத்திரம் பாடமாகிவிட்டது, நான் தட்டை நீட்டுமுன் அவரே சொல்லத் தொடங்கிவிடுகிறார்.

இவ்வளவும் முறைக்கு எழுதியது. இனித்தான் விஷயம். சுஜி, உன்னைப் பிடித்துவிட்டேன்! மூன்று நாளாக இந்தச் சந்தோசத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை, நேற்றுச் சம்பலுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டு ஏன் கரிக்கிறது என்று நானே கேட்டேன். ரெலிபோனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதே அப்பா வேலையில் நிற்கிற நேரம் பார்த்து, அதுவும் ஐந்து நிமிடம், அதில் பாதி காற்றின் சத்தம். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். கடிதத்துக்கு விரல் காட்ட முடியாது, முழுக்க வாசிக்கத்தான் வேண்டும், அதனால்தான் இருபது வருசத்துக்குப் பிறகு பேனை பிடிக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ படகால் இறங்கிக் கரைக்கு வரும்போது புரூம் தபாற்கந்தோரில் இது உனக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

முதலில் நான் போக்கர் பழகிய கதையைச் சொல்லவேண்டும், சிரிக்காதே. கிளப்புகளில் பொத்தானை அமத்தி அமத்திக் காசைத் தின்னக் கொடுக்கிறார்களே அந்த மெஷின் இல்லை, அந்தப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கமாட்டேன், இது சீட்டுத் தாளில் விளையாடுகிறது, ஐபாட்டில். நீ போன பிறகு வீட்டில் மூன்று பேர். நாங்கள் அடிக்கிற சீட்டாட்டம் முந்நூற்று நாலுக்கு நாலு பேர் வேண்டும். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடிய நீயும் அப்பாவும் எதிரெதிர்க் கதிரையில் இருந்து ஒரு கட்சி, நானும் சயந்தினியும் எதிரெதிரே இருந்து மற்றக் கட்சி, எத்தனை வருசம் அப்படி விளையாடினோம். நீ போன பிறகு அந்தச் சீட்டுக்கட்டு குசினி மேசை இழுப்பு லாச்சியில் ரப்பர் வளையம் போட்டபடி கிடந்தது. ஒரு ஞாயிறு அப்பா அதை எடுத்து மூன்று பேருக்குப் பிரித்துப் பார்த்தார், பிறகு திரும்பக் கட்டி வைத்துவிட்டு வெளியே போய்ப் புல்லு வெட்டினார். மாரி காலத்தில் புல்லு எங்கே இருந்தது வெட்டுவதற்கு? எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அந்த நேரம்தான் உன்னோடு படித்த துஷாந்த், பொயிண்ட் குக்கில் இருக்கிறானே அவன், ஐபாட்டில் ஒரு போக்கர் மேசை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். மெல்பேர்ணிலும் சிட்னியிலும் இருக்கிற எங்கள் ஆட்கள், பாதிப் பேர் பென்சன்காரர். செவ்வாய், வியாழன், ஞாயிறு பின்னேரம் ஏழு மணியில் இருந்து ஒன்பது வரை. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஐந்து டொலர், அது முடிந்தால் அன்றைக்கு எழும்பிப் போய்விடவேண்டும், திரும்பக் காசு போட்டு இருக்க விடமாட்டான், அதில் அவன் படு கண்டிப்பு. இரண்டு சதம் நாலு சதமாகத்தான் பந்தயம். சொந்தப் பெயர் கிடையாது, ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொள்ளவேண்டும், யார் யார் என்பது துஷாந்துக்கு மட்டும் தெரியும். புருசன் பெண்சாதி ஒரே அறையில் இருந்து விளையாடக்கூடாது. அதனால் அப்பா ஹோலில், நான் குசினியில். அப்பாவின் பெயர் "தரிப்பிடம்", பஸ் ஓட்டுகிற மனுசனுக்கு வேறு என்ன பெயர் வரும்? என் பெயர் "கறிவேப்பிலை". சயந்தினிக்கு வெட்கமாக இருக்கிறதாம், so embarrassing என்று சொல்லிவிட்டு, நான் வெல்லுகிற அன்று மட்டும் பின்னால் வந்து நின்று பார்க்கிறாள்.

தொடக்கத்தில் நாங்கள் எல்லோரும் தோற்றுத் தள்ளினோம். காரணம் என்ன தெரியுமா, ஜாக்கும் ஒன்பதும். நாங்கள் பிறந்ததில் இருந்து முந்நூற்று நாலு விளையாடியவர்கள், எங்களுக்கு ஜாக் என்றால் முப்பது, ஒன்பது என்றால் இருபது, ஏஸ் கூட அதற்குப் பிறகுதான், ராஜாவுக்கு வெறும் மூன்று. கையில் ஜாக்கும் ஒன்பதும் ஒன்றாக வந்தால் போதும், நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும், ஏலக் கேள்வியைக் கூட்டிவிடுவோம். போக்கரில் அது இரண்டும் நடுத்தரத் தாள், யாராவது ஒரு ராணியையோ ராஜாவையோ காட்டினால் சரி, எங்கள் கதை முடிந்தது. மூளைக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. அப்பா ஒரு நாள் கோதாரி விழுந்த ஜாக் என்று கத்திக்கொண்டு ஐபாட்டைச் சோபாவில் எறிந்தார். இன்னொரு பிழையும் எங்கள் சனத்துக்கே உரியது. முந்நூற்று நாலில் கிடைத்த தாளைக் கடைசி மட்டும் விளையாடத்தான் வேண்டும், எத்தனை மோசமான தாள் வந்தாலும் நடுவில் எழும்ப முடியாது. அந்தப் பழக்கத்தில் எங்களுக்குத் தாளைக் கீழே போட மனம் வராது, போட்டால் ஏதோ தோற்றுப்போனது போல ஒரு வெட்கம். போக்கரில் முதலில் பழகவேண்டியதே போடுவதுதான் மகன். பத்துத் தரத்தில் எட்டுத் தரம் பேசாமல் போட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்கவேண்டும். இது எனக்கு விளங்க இரண்டு மாதம் எடுத்தது, விளங்கிய மாதத்தில் இருந்து, மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் நான் தோற்கவில்லை, கேள், உன் அம்மா தோற்கவில்லை!

துஷாந்த் எல்லோரையும் வைத்துப் பாடம் எடுத்தான். அன்ரி, அங்கிள், ஜாக்கையும் ஒன்பதையும் கண்டால் எறியுங்கோ, இது முந்நூற்று நாலு இல்லை என்று. ஒரு மாதத்தில் எல்லோரும் திருந்திவிட்டோம். ஒருவரைத் தவிர. மாசியில் புதிதாக வந்த "ஆமை". யோசித்து யோசித்துத்தான் ஒவ்வொரு முறையும் ஆடும், அதனால் பெயர் சரிதான், மற்றத் தாள்களை எல்லாம் அருமையாக விளையாடும், எங்களை விட நூறு மடங்கு கெட்டிக்காரத்தனம், ஆனால் ஜாக்கும் ஒன்பதும் வந்தால் மட்டும் பைத்தியம். போடவே போடாது. கடைசியில் தாளைத் திருப்பிக் காட்டும்போது நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அப்பாவுக்கு ஆமையில் ஒரு தனிப் பிரியம். சாப்பிடும்போதும் அதே கதை, ஆமை நல்ல விளையாட்டுக்காரன், நல்ல பொறுமை, இவனை மாதிரி ஒருத்தன் முந்நூற்று நாலுக்குக் கிடைச்சா விடமாட்டன் என்பார். எனக்கு அப்போதெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை, நான் பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

நான் யார் யார் எப்படி விளையாடுகிறார்கள் என்று கோயில் கலண்டரில் குறித்து வைப்பேன், அது நல்ல பழக்கம், நீயும் செய். யார் எதற்குப் பயப்படுவார், யார் சும்மா வெருட்டுவார், எல்லாம் அந்தந்தத் திகதிக் கட்டத்துக்குள் இருக்கும். இந்தப் புதன்கிழமை சங்கடகர சதுர்த்தி எப்போது என்று பார்க்கக் கலண்டரைப் புரட்டினேன். புரட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. ஆமை வந்த நாட்கள் எல்லாம் ஒரு கிழமைக்குள், பிறகு இரண்டு கிழமை வெறும் கட்டம், பிறகு ஒரு கிழமை, பிறகு இரண்டு கிழமை வெறுமை. மாசியில் இருந்து ஒரு பிசகும் இல்லை. பதினாலு நாள் படகு, ஏழு நாள் கரை. அம்மா இனி ரெண்டு கிழமை கழிச்சுத்தான் கதைப்பன் என்று நீ சொல்லிவிட்டுப் போகிற அதே கணக்கு. குசினியில் நின்றபடியே ஐயோ என்ர பிள்ளை என்று கத்திவிட்டேன். சயந்தினி ஓடிவந்து what happened என்று கேட்டாள், கை சுட்டுப்போட்டுது என்று சொல்லிச் சமாளித்தேன். உடனே துஷாந்துக்கு ரெலிபோன் அடித்தேன். ஆமை ஆர் எண்டு சொல்லு என்றேன். அன்ரி, அது ரூல்ஸ், நான் சொல்லேலாது என்றான். சரி சொல்லாதை, அவன் சாப்பிடுறானோ, உடம்பு இளைச்சிட்டானோ, அதை மட்டும் சொல்லு என்றேன். நல்லாக் கறுத்திட்டான் அன்ரி, மற்றபடி சுகம் என்றான் பொடியன். அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்!

இப்போது நீ சொல். முத்துப் பண்ணைப் படகில் வேலை செய்கிற இருபத்தேழு வயதுப் பிள்ளைக்கு, இரண்டு சதத்துக்கு விளையாடுகிற கிழடுகளின் மேசையில் என்ன வேலை? தரிப்பிடம் என்ற பெயரைக் கண்டதும் அது யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் வந்திருக்கிறாய், அப்பாவைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாய். இதை நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வருகிறது.

ஆனால் இதில் ஒரு பயமும் இருக்கிறது, அதைத்தான் இந்தக் கடிதத்தில் முக்கியமாக எழுத நினைத்தேன். அப்பாவுக்கு உன்னில் வந்த கோபம் நீ எஞ்சினியர் வேலையை விட்டதற்காக இல்லை. நீ அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆறு கிழமை எங்களுக்குச் சொல்லாமல், நான் கட்டித் தந்த சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வெளிக்கிட்டுப் போய் பிராங்ஸ்டன் கடற்கரையில் இருந்தாயே, அதற்காக. நீ அகப்பட்ட அன்றைக்கு வேறொரு சாரதிக்குச் சுகமில்லை என்று அப்பாவை அந்தப் பாதைக்குப் போட்டிருந்தார்கள். பகல் பதினொரு மணிக்கு நீ கை காட்டிப் பஸ்ஸை மறித்த பிறகுதான் சாரதியின் முகத்தைப் பார்த்தாய். மைக்கியைத் தட்டு என்று அப்பா சொன்னாராம், நீ அந்தப் பஸ் அட்டையைத் தட்டிவிட்டுப் பின்னால் போய் இருந்தாயாம். பதினாலு மாதத்துக்கு முன் அப்பா உன்னோடு கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, வேலையை விட்டா விடட்டும், என்னை ஏமாத்தி விசரனாக்கிப்போட்டான் என்று ஒரு தரம் சொன்னார், அதோடு சரி, வாய் திறக்கவில்லை. நீயும் அடுத்த கிழமை பெட்டியைக் கட்டிவிட்டாய்.

அதனால் கேள். இப்போது நீ இரண்டாம் தரமும் ஒளித்துக்கொண்டிருக்கிறாய். நல்ல மனதோடுதான், எனக்கு விளங்குகிறது, அவருக்கு விளங்கவேண்டுமே. ஆமை நீதான் என்று வேறு யாராவது வாய்தவறிச் சொல்லி அவருக்குத் தெரியவந்தால், திரும்பவும் என்னை விசரனாக்கிப்போட்டான் என்று அந்த மேசையையும் விட்டு எழும்பிவிடுவார். கிழமைக்கு மூன்று நாள் அவர் முகத்தில் பார்க்கிற வெளிச்சமும் போய்விடும், உனக்கும் அவருக்கும் இடையில் இருக்கிற அந்த ஒரு நூலும் அறுந்துவிடும். போக்கரில் தாளை மறைக்கலாம், எவ்வளவு நேரத்துக்கு மறைக்கலாம் என்று தெரிந்திருக்கவேண்டும். நீயாகச் சொல்லிவிடு மகன். அடுத்த முறை கரைக்கு வருவது 28ஆம் திகதி, 29 செவ்வாய் ஆட்டம் இருக்கிறது, இங்கே ஏழு மணி என்றால் உனக்கு ஐந்து. மேசையில் எழுதுகிற பெட்டி இருக்கிறதே, அதில் அப்பா, நான் சுஜி என்று எழுது. அதற்குப் பிறகு வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டுப் புதினங்கள் எழுத மறந்துவிடுவேன் போல. சயந்தினிக்கு பிசியோ படிப்பில் இது கடைசி வருசம், ஆஸ்பத்திரியில் பயிற்சி, வந்ததும் அப்பாவின் தோளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், அவர் பயத்தில் அவள் வரும் நேரம் கடைக்குப் போகிறார். எலுமிச்சை நல்ல காய்ப்பு, உன் அறை யன்னலுக்கு முன்னால் வளர்ந்துவிட்ட கொப்பை வெட்டவில்லை, நீ வந்து வெட்டலாம். நீ அனுப்பிய பெரிய முத்துச்சிப்பி ரீவிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அப்பா ஒன்றும் சொல்லாவிட்டாலும் வேலையால் வந்து தன் கதவுத் திறப்பை அதற்குள்தான் போடுகிறார். பக்கத்து வீட்டு நஸீரா அன்ரி வட்டிலப்பம் கொண்டு வந்த அன்று நான் ஐபாட்டோடு இருந்து அகப்பட்டுக்கொண்டேன். அஞ்சு டொலரெண்டாலும் சூது சூதுதான் சிவனேஸ்வரி என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். சொன்னதில் நியாயம் இருக்கிறது, எனக்குச் சுருக்கென்றது. அன்றில் இருந்து ஒரு வெறும் மஞ்சள் போத்தலில் மாதத்துக்கு என்று ஒரு சின்னக் காசு போட்டு வைக்கிறேன், அது முடிந்தால் அந்த மாதம் விளையாட்டு இல்லை. நீயும் அப்படியே செய். சாப்பாட்டுக் காசில், வாடகைக் காசில் கை வைக்காதே. படகில் சம்பளம் நல்லது என்று பெரிய மேசைகளுக்கு யாராவது கூப்பிட்டால் போகாதே, அங்கே இருப்பவர்கள் துஷாந்தின் அன்ரிமார் இல்லை.

இன்னும் இரண்டு மூன்று சொல்லவேண்டும், நீ கெட்டிக்காரன்தான், கேட்டுக்கொள். சின்ன மேசையில் சும்மா வெருட்டாதே. இரண்டு சதத்துக்கு ஒருவரும் வெருளமாட்டார்கள், உன்னிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆசையிலேயே காசைப் போடுவார்கள், உண்மையாக நல்ல தாள் வரும்போது மட்டும் கூட்டு. நல்ல தாளோடு தோற்றால் கோபம் வரும், அந்தக் கோபத்தோடு அடுத்த தாளைத் தொடாதே, எழும்பிப் போய் முகத்தைக் கழுவு, நான் வெங்காயம் உரிப்பேன். நடுவில் போட்ட காசு போட்டதுதான், அதை எடுக்கவேண்டும் என்று மேலும் மேலும் போடாதே. ஐபாட் மேசையைச் சுற்றித் தெரிகிற கதிரைகளில் எந்தக் கதிரையில் இருப்பது என்பதும் முக்கியம், இது அப்பா எனக்குச் சொல்லித் தந்தது. கெட்டிக்காரனுக்கு இடப்பக்கத்துக் கதிரை ராசியான கதிரை, அவன் என்ன செய்கிறான் என்று பார்த்த பிறகு உன் முறை வரும். அவனுக்கு எதிரே இருந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

வியாழக்கிழமை நடந்ததை எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அன்று என் ஐந்து டொலரும் எட்டு மணிக்கே போய்விட்டது. தோற்றவர் மற்றவரின் அறைக்குப் போகலாம், வாய் மட்டும் திறக்கக்கூடாது. நான் பயிற்றங்காயும் கத்தியும் எடுத்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அவர் கையில் இரண்டு ராஜா! மேசையில் எல்லோருக்கும் பொதுவாக விழுந்தது ஒரு ஒன்பது, ஒரு நாலு, ஒரு இரண்டு. உன்னிடம் கொஞ்சக் காசுதான் மிச்சம் இருந்தது, அவ்வளவையும் நடுவில் தள்ளிவிட்டாய். நீ வைத்திருப்பது என்ன என்று எனக்கே தெரியும், மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அப்பாவும் காசைத் தள்ளவேண்டியதுதான், வெல்லவேண்டியதுதான். மனுசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பக் கழற்றினார், பிறகு இரண்டு ராஜாவையும் கீழே போட்டு விட்டுக்கொடுத்துவிட்டார். நீ திருப்பிக் காட்டினாய், ஜாக்கும் ஒன்பதும். நான் சட்டத்தையும் மறந்து கத்திவிட்டேன், உங்களுக்கு என்ன விசரோ என்று. தாள் வடிவாத் தெரியேல்லை என்றார். கண் டொக்டரிடம் நேரம் எடுத்திருக்கிறேன், அடுத்த வியாழன். அறுபத்துமூன்று வயதாகிறது, பஸ் ஓட்டுகிற கண், இதையும் யோசிக்கவேண்டியிருக்கிறது. சரி, கை நோகிறது, மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை, காலை பதினொரு மணி.

மகன், கண்ணுக்கு ஒன்றும் இல்லை! கண் டொக்டரிடம் எடுத்த நேரத்தை இப்போதுதான் வேண்டாம் என்று சொன்னேன். முறையாக எழுதுகிறேன், பொறு, எனக்கு மூச்சு வாங்குகிறது.

நேற்று ஞாயிறு ஆட்டம். அப்பா ஏழு மணிக்கே ஐபாட்டைத் திறந்துவிட்டார், ஆனால் கதிரையில் ஏறவில்லை. மேசையில் உனக்கு எதிர்க் கதிரையில் சிட்னிக்காரர் ஒருவர் இருந்தார். உனக்கு இடப்பக்கத்துக் கதிரை காலி, அந்த ராசியான கதிரை. நான் குசினியில் இருந்து எட்டிப் பார்த்து, ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள், ஆமைக்குப் பக்கத்தில நல்ல கதிரை கிடக்குதே, ஏறுங்கோ என்றேன். அது வேண்டாம் என்றார். நாற்பது நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். நீயும் அந்த நாற்பது நிமிடமும் ஒரு தாளும் விளையாடாமல் வந்ததை எல்லாம் போட்டுக்கொண்டே இருந்தாய், இதுவும் என் கலண்டரில் இருக்கிறது. சிட்னிக்காரரின் காசு முடிந்து அவர் எழும்பியதும்தான் அப்பா ஏறி அந்தக் கதிரையில் இருந்தார். அப்போதும் இந்த மொக்குத் தலைக்கு ஒன்றும் எட்டவில்லை, வயது போனால் பிடிவாதம் வரும்தானே என்று நினைத்துக்கொண்டு என் தாளைப் பார்த்தேன்.

இன்று காலை வேலை முடிந்து அப்பா பத்து மணிக்கு வந்தார். நான் இந்தக் கடிதத்தை முடித்து ஒட்டுவோம் என்று குசினி மேசையில் விரித்து வைத்திருந்தேன், அவர் வந்த சத்தம் கேட்டு அவசரமாகப் பத்திரிகையை இழுத்து மூடினேன். கேத்திலைப் போட்டார், திறப்பைக் கொண்டுபோய் உன் சிப்பிக்குள் போட்டார், திரும்பி வந்து தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், ஆமைக்கோ எழுதுறாய் என்று கேட்டார்.

சுஜி, கையில் இருந்த பேனை கீழே விழுந்துவிட்டது. எப்ப தெரியும் என்றேன். முதல் நாளே தெரியும் என்றார். ஜாக்கையும் ஒன்பதையும் அப்பிடிப் பிடிச்சு வைச்சிருக்கிறதுக்கு வேற ஆர் இருக்கினம், நான் பழக்கின பழக்கம்தானே என்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. முந்நூற்று நாலில் எதிர்க் கதிரையில் இருப்பவன்தான் எங்கள் கட்சி. போக்கரில் கட்சியே இல்லை, அந்தக் கதிரையால் ஒரு சதம் லாபமும் இல்லை, அதை எனக்குச் சொல்லித் தந்ததே அவர். மாசியில் இருந்து இந்த மனுசன் தெரிந்துகொண்டே உனக்கு எதிரே போய் இருந்திருக்கிறார். அப்ப வியாழக்கிழமை அந்த ராஜா என்று கேட்டேன். அதை வெண்டிருந்தா அவன்ர காசு முடிஞ்சு எட்டரைக்கே எழும்பிப் போயிருப்பான், ஒன்பது மணி வரைக்கும் இருக்கட்டும் எண்டு கீழ போட்டனான் என்றார். நான் அழுதேன். சொல்ல வெட்கம் இல்லை, பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுதேன்.

பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பதினாலு மாதமாக வாயில் வராத கதையைச் சொன்னார். அன்றைக்குப் பஸ்ஸில் முப்பது சனம் இருந்ததாம். அவ்வளவு பேருக்கு முன்னால் பிள்ளையிடம் என்னத்தைக் கேட்பது, வாயில் வந்தது மைக்கிதானாம். கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிப்பாட்டிப்போட்டுப் பக்கத்தில போய் இருந்து கேப்பம் எண்டு முழு வழியும் யோசிச்சுக்கொண்டு ஓடினனான், நிப்பாட்டித் திரும்பிப் பாத்தா அவன் பின் கதவால இறங்கிப் போட்டான் என்றார். அவ்வளவுதான் சுஜி. உன்னை வெறுத்ததும் இல்லை, ஒதுக்கியதும் இல்லை. நீ பின்கதவால் இறங்கிவிட்டாய், அதற்குப் பிறகு எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. கோபம் இருந்தது, அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அது எப்போதோ முடிந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் மனுசனுக்கு வழி தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஐந்தாறு மாதமாக இரண்டு சதம் நாலு சதம் என்று போட்டு எதிரெதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நீங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சு என்று நான் அன்றே சொன்னேன், யார் கேட்டீர்கள்!

நீங்களே எழுதுங்கோ என்று பேனையை நீட்டினேன். எனக்கு எழுத வராது என்று எழும்பிவிட்டார். வாசல் மட்டும் போய்த் திரும்பி வந்து, அவன் கரைக்கு வந்து வாற செவ்வாய்க்கிழமை எதிர்க் கதிரையில நான் ஏழு மணிக்கே ஏறி இருப்பன் எண்டு எழுது என்றார். எழுதிவிட்டேன் என்றேன். இன்னும் நின்றார். இந்த முறை முன் கதவால வரச் சொல்லு என்றார். அதையும் எழுதிவிட்டேன், அவர் சொன்னபடியே.

ஆகவே ராசா, மேலே பயந்து பயந்து எழுதியதை எல்லாம் வெட்டிவிடலாம், ஆனால் மறைக்காதே என்று எழுதியதை மட்டும் வெட்டமாட்டேன். 29ஆம் திகதி பெட்டியில் அப்பா என்று ஒரு சொல் எழுது, மிச்சத்தை அவர் எழுதுவார், எழுத்துப் பிழை விட்டால் சிரிக்காதே. ஆவணியில் உனக்கு லீவு வரும் என்று சொன்னாய், டிக்கெட்டைப் போடு, லாச்சியில் சீட்டுக்கட்டு இருக்கிறது, ரப்பர் வளையம் உக்கிப்போய் நேற்றே மாற்றி வைத்தேன். வெயிலில் தொப்பி போடு, தண்ணீர் குடி, கடலில் பகிடி விடாதே. சிவனும் விஷ்ணுவும் உன்னோடு படகில் இருக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராது.

கடைசியாக ஒன்று. வேறு எந்த மேசையில் இருந்தாலும் ஜாக்கும் ஒன்பதும் வந்தால் உடனே போட்டுவிடு, அதுதான் சரியான விளையாட்டு. எங்கள் மேசையில் மட்டும் போடாதே. அதை வைத்துத்தான் அப்பா உன்னைக் கண்டுபிடித்தவர்.

என்றும் உன் நினைவோடு,
உன் அம்மா
சிவனேஸ்வரி சிறிதரன்